கையைப் படித்த மெஷின்

தச்சுவேலை செய்யும் ரங்கசாமிக்கு வலது கை நடுங்கும். ஆனாலும் அவர் போடும் துளை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அவர் கை எந்தப் பக்கம் ஆடும் என்பதை ஆறு வருடங்களில் படித்து வைத்திருந்த டிரில்லிங் மெஷின், எதிர்ப்பக்கம் ஆடி அதைச் சரிக்கட்டிவிடும்.

அன்று காலை அது பொறி பறக்க நின்றுபோனது. அதைக் கடைக்கு எடுத்துப்போனார். அதன் பாகங்கள் இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் புதிய மெஷினைக் காட்டினார்.

"இது உங்க கையப் படிக்க ஒரு வருசம் ஆகுமுங்க. பழசு படிச்சத இதுக்கு மாத்த முடியாதுங்க."

வீட்டுக்கு வந்த ரங்கசாமி, தொழிலையே விட்டுவிடும் எண்ணத்தில் தன் உளிகளைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினார்.

"அதக் கீழ வைங்க," என்றாள் அவர் மனைவி தெய்வாத்தாள். அவள் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் செய்பவள். மெஷினைப் பிரித்தாள். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்கள் பொட்டுக்கடலை அளவுக்குத் தேய்ந்திருந்தன. பெரிய மோட்டாரின் பிரஷ்களை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, பொருந்தும்வரை சிறிதாக்கினாள். பேரிங்கையும் மாற்றினாள். அவர் கையின் நினைவு இருந்த சர்க்யூட் பக்கம் மட்டும் விரலைக் கொண்டுபோகவில்லை.

மாலையில் அவளே ஓட்டிப் பார்த்தாள். மோட்டார் சீராகச் சுற்றியது. ஆனால் மெஷின் அவள் கையை இப்படியும் அப்படியும் உதறியது. கெடுத்துவிட்டோமோ என்று பயந்து நிறுத்தினாள்.

ரங்கசாமி அதை வாங்கிப் பலகையில் வைத்து அழுத்தினார். மெஷின் ஆடவே இல்லை. துளை நேராக இறங்கியது.

தன் கையை உதறியது எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வலிக்கும் மணிக்கட்டைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"இத்தன நடுக்கத்தையா தெனமும் தாங்கறீங்க?"

"எனக்குப் பழகிருச்சு புள்ள," என்றார் அவர். "இன்னைக்கு உன்ற கைக்குந் தெரிஞ்சிருச்சாக்கும்."