வெட்டும் இடம், வளைக்கும் இடம்

வேலை ஏன் தாமதமாகிறது என்று பார்க்க வந்த என்ஜினியரின் கால்கள், காலையிலிருந்து ஒரே இரும்புத் தகட்டின் பின்னால் நடந்து கெஞ்சின. வெட்டுவது பட்டறையின் இந்தக் கோடியில். வளைப்பது அந்தக் கோடியில். மூலையில் கிரைண்டிங் மெஷின் வேறு காதைக் கிழித்தது.

“ஆர்டர் லேட்டாகாம என்ன செய்யும்? வெட்டுறதையும் வளைக்கிறதையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க,” என்றார் முதலாளியிடம்.

“அது மட்டும் முடியாது சார்.”

“ஏன், கரண்ட் பத்தாதா?”

“அதெல்லாம் இருக்கு.”

“பின்ன? எந்தப் புண்ணியவான் இப்படிப் பிரிச்சு வெச்சது?”

“நான்தான்.” முதலாளி பெருமூச்சு விட்டார். “வெட்டுறவர் எங்கப்பா. வளைக்கிறவர் என் மாமனார்.”

என்ஜினியருக்கும் ஒரு சம்பந்தி உண்டு. கையிலிருந்த பட்டறை வரைபடத்தை அழித்துத் திரும்பப் போட்டார்.

“பக்கத்துலயே இருக்கட்டும். நடுவுல அந்தக் கிரைண்டிங் மெஷினைப் போடுங்க. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல விழவே கூடாது.”