முக்காடு போட்ட ஜோசியர்

ஜோசியர் பஞ்சாட்சரம் தலையில துண்டைப் போட்டுக்கினு கம்ப்யூட்டர் கடைக்குள்ளே நுழைஞ்சதை நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா? வெட்டிக்கினு இருந்த பாஸ்போர்ட் போட்டோவை அப்படியே போட்டுட்டு எழுந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல என் போட்டோ ஸ்டூடியோ. அதுல முன்பாதியைப் போன மாசம்தான் மணவாளன்னு ஒரு காஞ்சிபுரத்து ஆளுக்கு வாடகைக்கு விட்டேன். டி.வி. மாதிரி ஒரு பொட்டி, பக்கத்துல கிர்ர் கிர்ர்னு பேப்பரைத் துப்பற ஒரு மிஷின். வாசல்ல போர்டு: 'கம்ப்யூட்டர் ஜாதகம். பத்தே நிமிடம். துளியும் தப்பாது.'

"இதுக்குள்ளே இன்னாதான்பா கீது?"ன்னு முதல் நாளே கேட்டேன்.

"நூறு ஜோசியர் மூளை கீது சார்"னான் மணவாளன்.

யப்பா, என்னா கூட்டம்! தூசு ஆகாதுன்னு செருப்பைக் கழட்டச் சொன்னான். ஜனம் செருப்பைக் கழட்டினதோட நிக்காம பொட்டிக்கு ஒரு கும்பிடும் போட்டுது. ஃபேன் காத்து பொட்டிக்கு, வேர்வை மணவாளனுக்கு.

பஞ்சாட்சரத்துக்குப் பொழப்பு படுத்துடுச்சு. "கரண்டு போனா கிரகமும் நின்னுடுமா?"ன்னு டீக்கடையில தெனம் சண்டை போட்டவர் அவர். அந்த மனுசன்தான் இப்போ முக்காடு போட்டுக்கினு வந்து நிக்கிறார்!

நடுவுல தொங்கின கறுப்புத் துணிக்குப் பின்னாடி நான் காதைத் தீட்டிக்கினு நின்னேன்.

"வாங்க ஜோசியரே! வழி தவறி வந்துட்டீங்களா?"

"கிண்டல் வேணாம் தம்பி. ஒரு பொண்ணு ஜாதகம் போடணும். தேதி, நேரம் எல்லாம் இதுல எழுதிகீறேன்."

"காலையில எட்டு மணி அஞ்சு நிமிசம். சரிதானே?"

"சரி. பார்த்துத் தட்டு தம்பி. ஒரு நம்பர் மாறினா அந்தப் பொண்ணு வாழ்க்கையே மாறிடும்."

மிஷின் துப்பின பேப்பரை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு ஒவ்வொரு கட்டமாப் பார்த்தார். "செவ்வாய் ஆறுல கீறான். தோஷம் இல்லே"ன்னு முணுமுணுத்தார். மடிச்சு மடியில சொருகிக்கினு கெளம்பிட்டார்.

எனக்கு ஒரே குஷி. சரி, இனிமே இங்கே காப்பியடிச்சு அங்கே விக்கப் போறார்னு நெனைச்சேன். சாயங்காலத்துக்குள்ளே பஸ் ஸ்டாண்டு பூரா சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில டீக்கடையில நானே ஆரம்பிச்சேன்.

"இன்னா ஜோசியரே, நேத்து பொட்டிகிட்ட ஜோசியம் கேக்கப் போனீங்களாமே?"

கடையே சிரிச்சுது. மனுசன் கூனிக் குறுகிடுவார்னு பார்த்தேன். எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொன்னார்.

"ஆமாம்பா, போனேன். கெட்டிக்காரப் பொட்டி அது! எத்திராஜ் பொண்ணு வசந்தகுமாரிக்கு செவ்வாய் தோஷம்னு நான் எழுதினேனே, அது தப்புன்னு கண்டுபிடிச்சிடுச்சு."

சிரிப்பு நின்னுடுச்சு.

வசந்தகுமாரிக்கு இருபத்தொம்பது வயசு. மாப்பிள்ளை வூட்டுக்குக் குடுக்க அஞ்சு தடவை போட்டோ எடுத்தவன் நான்தான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு முகத்துல சிரிப்பு கொறைஞ்சுக்கினே வந்துச்சு. வந்த சம்பந்தம் எல்லாம் அந்தத் தோஷத்துலதான் தட்டிப் போச்சு.

அங்கேயே டீ குடிச்சுக்கினு இருந்த எத்திராஜ் பாய்ஞ்சு வந்து ஜோசியர் சட்டையைப் பிடிச்சார்.

"யோவ்! எம் பொண்ணு தலையில கல்லைப் போட்டுட்டியேய்யா பாவி!"

பஞ்சாட்சரம் மடியில இருந்த பேப்பரை எடுத்து அவர் கையில குடுத்தார்.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, வேற இன்னா வேணும்?"னு அடுத்ததா வந்த ஓரிக்கை ஊரு மாப்பிள்ளை வூட்ல சரின்னுட்டாங்க. கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ. ஜோசியருக்குப் பத்திரிகை கூட வைக்கலை. தப்பா எழுதறவர்னு பேராகி, அவர் வூட்டுப் பக்கம் ஒருத்தரும் போறதும் இல்லை.

எனக்கு மனசு உறுத்துச்சு. ஒருநாள் ஸ்டூடியோ வழியாப் போனவரைக் கூப்பிட்டு உக்கார வச்சேன்.

"தப்பு பண்ணிட்டேன் ஜோசியரே, ஊர் பூரா சொன்னது நான்தான். அந்தப் பேப்பரை நீங்களாவது கிழிச்சுப் போட்டிருக்கலாமே. பேரும் போச்சு, தொழிலும் போச்சே."

"நீ சொல்லணும்னுதானேப்பா முக்காடு போட்டுக்கினு வந்தேன். சும்மா வந்திருந்தா திரும்பிப் பார்த்திருப்பியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. "அப்போ, பொட்டி கண்டுபிடிச்சுதுன்னது?"

"பொட்டி இன்னாத்தைக் கண்டுது? நான் குடுத்த நேரத்துக்குக் கணக்கு போட்டுது, அவ்ளோதான். 'மொத பஸ் வந்தப்போ கொழந்தை பொறந்துச்சு'ன்னு மருத்துவச்சி முனியம்மா அப்போ சொன்னா. மொத பஸ்னா ஆறு மணி, அப்படியே எழுதிட்டேன். ஆனா அன்னிக்கு ஏரி ரொம்பி, கலங்கல் வழியா வழிஞ்ச தண்ணி ரோட்ல பொரண்டு, பஸ்ஸே எட்டு மணிக்குத்தான் வந்துதாம். ரெண்டு வருசம் முன்னாடி ஏதோ பேச்சுவாக்குல சொன்னா. அன்னிக்கே புது ஜாதகம் எழுதி எடுத்துக்கினு எத்திராஜ் வூட்டுக்கு ஓடினேன்."

"ரெண்டு வருசம் முன்னாடியேவா? அவர் இன்னா சொன்னார்?"

"'மாப்பிள்ளை அமையலைன்னு ஜாதகத்தையே மாத்திக்கினு வர்றியா, போய்யா வெளியே'ன்னாரு."

துண்டால முகத்தைத் துடைச்சுக்கினார்.

"தப்பு பண்ணிட்டேன்னு நானே சொன்னேன் ஜானகிராமா, நம்பலை. பொட்டி சொல்லிச்சுன்னேன், உடனே நம்பிட்டாரு."