இடது கையில் பழக்கூடை

பழக்கூடையை இடது கையில் தூக்கிக்கொண்டு தூதரக அதிகாரி ஆஸ்பத்திரி மாடி ஏறினார். வலது தோள் நேற்றிலிருந்து விண் விண்ணென்று தெறித்தது. பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அறை வாசலில், கூட்டு ராணுவப் பயிற்சியை நடத்திய அந்த நாட்டுக் கர்னல் நின்றிருந்தார். பயிற்சியின் கடைசி நாளில் பெரிய மனிதர்களைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைத்துச் சந்தோஷப்படுத்துவது அவர்கள் வழக்கம். அந்தக் கலகலப்பில்தான், அதிகாரியின் சொந்த நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த சிப்பாயின் தொடையில் நேற்று குண்டு பாய்ந்துவிட்டது. அதிகாரியைக் கண்டதும் கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே, கட்டுப்போட்ட காலோடு சிப்பாய் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுப்பா, படு. நான் என்ன உன் மேஜரா, சல்யூட் அடிக்க?"

அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டார். பேசினானாம். படியில் சறுக்கி விழுந்ததாகச் சொன்னானாம். உனக்குக் கண் எப்போதுமே பிடரியில்தானேடா என்று அந்த அம்மாள் திட்டித் தீர்த்தாளாம். அதிகாரி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெல்ல ஆரம்பித்தார். யார் சுட்டது என்று விசாரணை கிளம்பினால் பத்திரிகைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இரண்டு நாட்டு உறவும் சந்தி சிரித்துவிடும். துப்பாக்கியைத் துடைக்கும்போது தன் கை தவறி வெடித்தது என்று சிப்பாயே சொல்லிவிட்டால், பேச்சு அதோடு அடங்கிப்போகும்.

"அப்படிச் சொன்னா எனக்கு வரவேண்டிய புரமோஷன் போயிடும் சார்."

"தெரியும்ப்பா."

அவர் கூடையிலிருந்த ஆப்பிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்பாய் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, அப்படியே சொல்லிவிடுவதாகச் சொன்னான். வேண்டுமென்று யாராவது செய்வார்களா என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

அதிகாரி எழுந்தார். கூனிக் குறுகி வாசலுக்கு நடந்தவர், கதவைத் திறக்க வலது கையை நீட்டினார். தோள் சுரீரென்று இழுத்தது. தன்னை மறந்து முனகிவிட்டார்.

"இன்னும் வலிக்குதா சார்?" பின்னாலிருந்து சிப்பாயின் குரல் கேட்டது. "தோளோட அழுத்திப் பிடிச்சுச் சுடுங்க, இல்லேன்னா துப்பாக்கி உதைக்கும்னு நேத்து உங்ககிட்ட நான்தான் சொல்லியிருக்கணும்."