இந்தப் பக்கத்துச் செவுரு

"ஆமாங்க, நான்தான் கட்டுனேன்! அஞ்சு வூட்டுக் கதவு வளையத்தையும் ஒரே கயித்துல சேர்த்துக் கட்டுனது இந்த வஹிதாதான். என்னங்க? பி.யூ.சி. படிக்கிற திமிரா? திமிரு இருந்துட்டுப் போவட்டும். ஜனம் உசுரோட இருந்தாச் சரி!"

வூட்டுக்காரர் ராஜப்பன் தெருவுல நின்னுட்டிருந்தார். அவரு வாடகைக்கு வுட்ட லைன் வூடுங்கதான் அது. நேத்து சாயங்காலம் பாப்பிரெட்டிப்பட்டிக்குள்ள பூந்த சுழல்காத்து, பாதிக்கு மேல ஓடுங்களப் புடைச்சு எறிஞ்சுட்டுப் போயிடுச்சு. பின்செவுரு மட்டும் நின்னுச்சு. ஆடுற பல்லு நிக்குமே, அப்படி.

"என்னங்க? உங்கப்பா காலத்துச் செவுரு, கெட்டியா இருக்குது, புள்ளைங்களப் படுக்க வைக்கலாமா? நேத்து வரைக்கும் சரிங்க. இன்னிக்கு வெடிப்புல என் வெரலு உள்ள போவுது. இடிச்சுக் கட்டிக் குடுங்க. அதுவரைக்கும் எல்லாரும் ஸ்கூல்லயே இருக்கோம்."

பக்கத்து வூட்டுச் சாலம்மாளுக்கும் கோவம். வஹிதா மேலதான்.

"ஏன்டி, உங்கப்பன் தையல் மிசின வெளிய தூக்கி வெச்சுட்டான். உனக்கென்ன? என் கேவுரு மாவு உள்ள ஊறுது. கொளந்த ராத்திரி ஸ்கூல் தரையில படுத்ததுல இருமுது. வூட்டுக்காரரே ஒண்ணும் ஆவாதுங்கறாரு. நீ என்ன கொத்தனாரா?"

"கொத்தனாரு இல்லக்கா. கண்ணு தெரியும், அவ்வளவுதான்."

"வாயும் நீளுது, காது வரைக்கும்! தள்ளு!"

சாலம்மாள் அரிவாளால கயித்த அறுத்தாள். இடுப்புல இருந்த கொளந்தைய உள்ள கொண்டுபோயி, ஓடு மிச்சமிருந்த பக்கமாப் பார்த்து, செவுத்தோரம் பாயில போட்டாள்.

வஹிதா பாஞ்சு உள்ள போயி கொளந்தைய வாரி எடுத்தாள்.

"குடுடி என் புள்ளைய!"

"செவுத்தப் பாருக்கா! வெளிச்சம் வருது!"

சொன்னவ, கொளந்தையோடவே குனிஞ்சு அந்த வெடிப்புல கண்ண வெச்சாள். வெச்ச கண்ண எடுக்கல.

"என்னடி தெரியுது?"

வஹிதா கொளந்தைய அணைச்சுக்கிட்டு விறுவிறுன்னு தெருவுக்கு வந்தாள். சாலம்மாளும் பின்னாடியே ஓடி வந்தாள்.

"ராஜப்பண்ணே! செவுரு கெட்டியா இருக்குது, புள்ளைங்களப் படுக்க வையுங்கன்னு எங்களுக்குச் சொன்னீங்க. அதே செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க மாட்டுக் கொட்டாய். அதுல ஒரு மாடுகூட இல்ல. தீனித்தொட்டி மொதக்கொண்டு பேத்துட்டுப் போயி, எல்லாத்தையும் தூரமா மாமரத்தடியில கட்டியிருக்கீங்களே, ஏனுங்க? தெருவே நிக்குது. இங்கயே பதில் சொல்லுங்க!"