நாற்பதைத் தாண்டாத முள்

அப்பாவின் பழைய காரில் வேகம் காட்டும் முள் நாற்பதுக்கு மேல் ஏறாது. கார் மெக்கானிக் மாலை வகுப்பில் மீட்டர் பாடம் முடிந்த கையோடு நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். நாற்பதாம் கோட்டருகே ஒரு சொட்டுப் பசை காய்ந்து முள்ளை மறித்திருந்தது. சுரண்டி எடுத்தேன். சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகத்தில் மூன்று முறை ஓட்டியும் பார்த்தேன். அப்பா அசந்துபோகட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வாடிப்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் தாய்மாமனான நான் அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காளவாசல் தாண்டியதும் அப்பா வேகமெடுத்தார்.

முன்சீட்டிலிருந்து அம்மா அலறினார்.

“எண்பதா! நிப்பாட்டுங்க, நான் எறங்குறேன்!”

வண்டி நின்றதும் இறங்கிச் சாலையோரம் போய் நின்றுகொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “மீட்டர்ல கை வச்சியா?”

“பசை ஒட்டியிருந்துச்சுப்பா, எடுத்துட்டேன்.”

“அத ஒட்டுனதே நான்தாண்டா! நாப்பதுக்கு மேல போனா உங்கம்மா வண்டியில ஏற மாட்டா. பத்து வருசமா அவள எண்பதுலதான் கூட்டிட்டுப் போறேன்.”

கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை ஏற்றினோம். அதன்பிறகு அவர் கண் முள்ளைவிட்டு அகலவில்லை. டிராக்டர்கூட எங்களை முந்திப் போனது.

நாங்கள் சமயநல்லூரைத் தாண்டும்போது அக்கா போன் செய்தாள். “நல்ல நேரம் முடியப்போகுதுன்னு பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சுக் குத்தியாச்சுடா. நீ பதறாம வா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“காலையில வெரசாக் கெளம்புங்கன்னு எம்புட்டுச் சொன்னேன், கேட்டீங்களா?”