மஞ்சள் வைத்த போர்வை

"மஞ்சளைத் துவைச்சு எடுத்துட்டு வாங்க. இல்லாட்டி இதெல்லாம் பெட்டியில ஏறாது!"

நிவாரணக் கமிட்டிச் செயலாளர் சவரிநாதன் சொன்னதும் சகாயம்மாளுக்குச் சுருக்கென்றது. உறையூர் நெசவுத் தெருப் பெண்கள் இருபது பேர், ஆளுக்கொன்றாக நெய்த புதுப் போர்வைகள். சர்ச் ஹால் வரை வெயிலில் தலையில் சுமந்து வந்திருக்கிறாள்.

"புதுத்துணிக்கு மூலையில மஞ்சள் வைக்காம எப்படி சார் கொடுக்கிறது?"

"கறைன்னு தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. புதுசே எதுக்கு? அங்க பாருங்க."

சுவரோரம் சாயம் போன சால்வைகள், பொத்தான் அறுந்த சட்டைகள், மலை மாதிரி.

"கடல் ஊருக்குள்ள புகுந்து எல்லாத்தையும் பறிகொடுத்தவங்க. எதைக் கொடுத்தாலும் போர்த்திக்குவாங்க."

"ஆமா, அழுதுக்கிட்டே போர்த்திக்குவாங்க! புயல்ல என் கூரை பறந்தப்ப, இதே ஹால்ல ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு பொத்தான் இல்ல. ஒரு கை கிழிஞ்சு தொங்குச்சு. மழையில நனைஞ்சப்பகூட அழல சார். அதை மாட்டினப்பதான் அழுதேன்."

"சும்மா வந்ததுல குறை சொல்லலாமா?"

"குறை சொல்லல. கூடப்பிறந்தவங்க வீடு நொடிச்சுப்போனா கிழிசலையா கொண்டுபோவோம்? மஞ்சள் வச்சா அது சீர் சார். நாங்க சீர் கொண்டு வந்திருக்கோம்."

"அவங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா!"

"புரியலேன்னா எழுதிப் போடுங்க. அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க?"

சொல்லிவிட்டுப் பெட்டி முன்னாலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். இந்த அம்மாளை எழுப்ப யாரால் ஆகும்? சவரிநாதன் பெருமூச்சு விட்டார். 'மஞ்சள் எங்கள் ஊரில் மங்கலம்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிப் போர்வைகளோடு வைத்தார். பெட்டியின் மேல் மையைத் தொட்டு முகவரியும் எழுதி முடித்தார்.

சகாயம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அந்தக் கம்பளிக் கோட்டு! கிழிந்த கையை ஒட்டுத் தெரியாமல் தைத்து, ஆறு புதுப் பொத்தான்கள் வைத்திருந்தாள்.

"பழசு வேண்டாம்னு இப்பதானே சண்டை போட்டீங்க?"

"இது மட்டும் போகட்டும் சார். எந்த ஊர்லேருந்து வந்ததுன்னு அன்னிக்கு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

சவரிநாதன் கோட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, மை காயாத பெட்டியைப் பார்த்தார்.

இரண்டிலும் ஒரே பெயர்தான் இருந்தது: ஹாலந்து.