கனிந்த குரல்

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அமலா யாரிடமோ கனிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ரகுபதியின் கை நின்றது.

"உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு உங்களைப் பாக்காம அந்த இடம் எனக்கு எப்படி இருக்கும்னே தெரியல."

மனைவியின் இந்தக் குரலை அவன் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவனுக்கென்று அவள் வேறொரு குரல் வைத்திருந்தாள். அரிசி தீர்ந்தது, குப்பை நிறைந்தது, மகளுக்கு இன்று டியூஷன் இருக்கிறது என்று அறிவிக்கும் குரல்.

அவன் கணக்கெழுதிய கப்பல் நிறுவனம் கணக்குப் பிரிவையே மலேசியாவின் ஜொகூருக்கு மாற்றிவிட்டது. வேலை அங்கே இருக்கிறது. அவன் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறான்.

அவன் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அமலா ஒரு சலவை ஆலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்தாள். புதுக் கைப்பை வந்தது. புது வாசனைத் திரவியம் வந்தது. மேனேஜர் தன்மையாகப் பேசுவார் என்று ஒருமுறை சொன்னாள். பிறகு மறுபடியும் சொன்னாள். அந்த மறுபடியும்தான் அவனுக்குள் தங்கிவிட்டது.

"நீங்க அழுதா என்னால தாங்க முடியாது," என்றது குரல்.

அவனுக்கு வயிறு எரிந்தது. கதவைத் தள்ளினான்.

அமலா கண்ணாடியின் முன் தனியாக நின்றிருந்தாள். அவளுடைய கைப்பேசி மேசைமேல் சார்ஜில் கிடந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருந்த?"

"கண்ணாடிகிட்டதான் லா." அவள் திரும்பவில்லை. "பெட்ஷீட் மடிக்கிற மெஷின் வந்திருச்சு. மடிக்கிற அக்காங்க நாலு பேரையும் இன்னிக்கு வேலையை விட்டு அனுப்பறாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் புரியாதுன்னு மேனேஜர் என்னைச் சொல்லச் சொல்லிட்டார். எப்படிச் சொன்னா வலிக்காதுன்னு சொல்லிப் பாக்கறேன்."

ரகுபதிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவனை அனுப்பியபோது வந்தது ஒரு மின்னஞ்சல். இரண்டே வரி. அதிலும் அவன் பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள்.

வயிற்றெரிச்சல் தணியவில்லை, ஆள்தான் மேனேஜரிலிருந்து அந்த அக்காக்களாக மாறியிருந்தது.

அவன் கட்டிலின் விளிம்பில், அவளுக்கு எதிரே அமர்ந்தான்.

"என்கிட்ட சொல்லு," என்றான். "அந்த அக்காங்ககிட்ட சொல்ற மாதிரியே சொல்லு."